குளிரில் வைக்க வேண்டிய டப்பா

என் பெயர் ரங்கம்மா. கே.ஜி.கண்டிகையில் நடவுக்குப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போகிற மேஸ்திரி நான். நான் நட்ட வரிசை கோணலாக இருக்கிறது என்று எந்த நிலத்துக்காரரும் இதுவரை சொன்னதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி எழுதப் போவது எல்லாம் ஒருத்தி வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற சங்கதி. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். மெதுவாகத்தான் வரும். கூச்சப்பட்டால் அதுவும் வராது.

எல்லாம் ஒரு முள்ளில் தொடங்கியது. ஆனி மாதக் கடைசியில் வரப்பில் நடந்தபோது கருவேல முள் குதிகாலில் ஏறியது. முள் குத்தாத கால் எங்கள் தொழிலில் கிடையாது. ஊக்கால் எடுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். இந்த முறை கால் வீங்கியது. கணுக்கால் வரை சிவந்து, தொட்டால் சுட்டது. என் மகன் முனிரத்தினம் அவன் ஆட்டோவிலேயே திருத்தணிக்கு அழைத்துப் போனான். கிளினிக் டாக்டர் சீழை எடுத்துக் கட்டுப் போட்டு, வீரியமான கேப்சூல் எழுதிக் கொடுத்தார். கால் வடிந்தது.

கேப்சூல் தீர்ந்ததும் புண் மறுபடி கொஞ்சம் கசிந்தது. டாக்டரிடம் போகவில்லை. முனி காலி அட்டையை மெடிக்கலில் காட்டி அதையே இன்னும் ஒரு சுற்று வாங்கி வந்தான். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் வாங்குவோம். அட்டையைக் காட்டினால் மருந்து வரும்.

அந்த இரண்டாவது சுற்று முடியும் முன்பே வயிறு போக ஆரம்பித்தது.

முதல் நாள் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. என் மருமகள் கலா நகரிப் பக்கத்துப் பெண். வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்தவள். என்னை அத்தம்மா என்றும் புருஷனைப் பாவா என்றும் கூப்பிடுவாள். அவள் மோரில் வெந்தயத்தை ஊற வைத்துக் கொடுத்தாள்.

"மாத்திர சூடு அத்தம்மா. ஒடம்பு சூடாயிட்ச்சி. குடிங்க, அடங்கிடும்."

அடங்கவில்லை. மாதுளை ஓடு வேக வைத்த தண்ணீர் குடித்தேன். அதற்கும் அடங்கவில்லை. தண்ணீரும் சளியுமாகப் போனது. அதன் நாற்றம் வேறு மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனை பிள்ளைகளுக்குக் கால் கழுவியிருக்கிறேன், அந்த நாற்றத்தை நான் அறிந்ததில்லை. வீட்டுக்குப் பின்னால் போவதற்குள் சேலையில் ஆகிவிட்டது. அதைக் கலா அலசினாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிளினிக் டாக்டர் இந்த முறை என் காலைப் பார்க்கவில்லை. என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்றுதான் கேட்டார். முனி அட்டையை நீட்டினான்.

"ரெண்டாவது தடவ நான் எழுதலியே?"

முனி அட்டையைத் திருப்பி வாங்கிச் சட்டைப் பையில் வைத்தான்.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் எழுதுகிறேன். குடலுக்குள் நல்ல கிருமிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. வீரியமான மாத்திரை புண்ணில் இருக்கிற கெட்ட கிருமியைக் கொல்லும்போது அவற்றையும் சேர்த்துக் கொன்றுவிடும். ஆனால் ஒரு கிருமி மட்டும் சாகாது. விதை மாதிரி ஓட்டுக்குள் சுருண்டு கிடக்கும். மற்றவை செத்த பிறகு முளைத்துப் பரவும். பரவினால் விஷம் கக்கும். அந்த விஷம் குடலின் தோலை அரித்துவிடும்.

எனக்கு உடனே கோரைதான் ஞாபகம் வந்தது. களைக்கொல்லி அடித்தால் மற்ற புல் எல்லாம் கருகிப் போகும். மண்ணுக்கு அடியில் கிழங்காகக் கிடக்கிற கோரை மட்டும் பத்து நாளில் தனியாக எழும். அப்புறம் அந்த நிலம் முழுக்கக் கோரைதான்.

"வயித்தால போறதெல்லாம் இதால வரதில்ல. மாத்திரையாலயே சும்மா போறதும் உண்டு. வேற கிருமியும் இருக்கலாம். டெஸ்ட் பண்ணித்தான் சொல்லணும்," என்றார்.

கிளினிக்குப் பக்கத்து லேப் ஜன்னலில் ஒரு பெண் மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் டப்பாவைக் கலாவின் கையில் கொடுத்தாள்.

"தண்ணியா போறப்ப மட்டும் எடுங்க. எடுத்த உடனே கொண்டாந்துடணும். லேட் ஆவும்னா ஃபிரிட்ஜுல வெச்சி, ஐஸோட எடுத்தாந்துடுங்க. வெளிய வெக்காதீங்க."

"ஆங், சரிங்க," என்றாள் கலா.

அது ஆடிப் பரணிக்கு முந்தின நாள். மறுநாள் பரணி, அதற்கு அடுத்த நாள் கிருத்திகை. என் கால் நல்லபடியாக ஆக வேண்டும் என்று கலா திருத்தணி மலைக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு கையில் காப்புக் கட்டியிருந்தாள். எங்கள் தெருவில் அவளோடு இன்னும் சில பேர் பால்குடம் எடுத்தார்கள். ஃபிரிட்ஜ் இருப்பது எங்கள் வீட்டில். அதனால் எல்லார் வீட்டுப் பாலும் எங்கள் ஃபிரிட்ஜில்தான் இருந்தது. மஞ்சள் துணி சுற்றிய சொம்புகள், பால் பாக்கெட்டுகள், நடுவில் ஒரு எலுமிச்சம்பழம். தெருப் பெண்கள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

பரணியன்று விடிந்ததும் டப்பாவில் எடுத்தேன். நானேதான் எடுத்தேன், யாரையும் கிட்டே விடவில்லை. மூடியை இறுக்கி, பையில் சுற்றிக் கொடுத்தேன். முனி காவடிக்காரர்களை ஏற்ற இருட்டிலேயே ஆட்டோவோடு ஸ்டாண்டுக்குப் போய்விட்டான். கலா அவனுக்கு போன் போட்டாள்.

"பாவா, எடுத்தாச்சி. எப்ப வர?"

"வண்டியெல்லாம் பைபாஸ்லயே நிறுத்திக்கீறாங்க. உள்ள உடல. கொஞ்ச நேரம் ஆவும். ஃபிரிட்ஜுல வெய்யி."

"ஃபிரிட்ஜுல சாமி பால் கீது."

"ஒரு ஓரமா வெய்யேன்."

"இன்னா பேசறே பாவா? தெருவே நம்பி கொண்டாந்து வெச்சிக்கீது. காப்பு கட்ன கையால அத்த எடுத்து, பால் பக்கத்துல வெக்கவா?"

அவன் போனை வைத்துவிட்டான். கலா பையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"வெளியவே வெய்மே," என்றேன். "முருங்க மரத்தடியில, மணல் சட்டியில தண்ணி தெளிச்சி வெய். குளுமையா தான் இருக்கும்."

கோடையில் வெற்றிலையை அப்படித்தான் வைப்போம், இரண்டு நாள் வாடாது. அவள் ஈர மணலில் பையைப் பதித்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டாள். முருங்கை நிழல் ஒரு இடத்தில் நிற்காது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை. முனி வந்து எடுத்துக்கொண்டு போகும்போது உச்சி வெயில் சட்டியின் மேல் இருந்தது. சாக்கு காய்ந்து விறைத்திருந்தது.

சாயங்காலம் ரிப்போர்ட் முனியின் போனுக்கு வந்தது. அதை அவன் கிளினிக் டாக்டருக்கு அனுப்பினான். அவர் திருவிழாக் கூட்டத்தால் கிளினிக்கை மூடியிருந்தார். போனில் சொன்னார்:

"ரெண்டு விஷயம் பாப்பாங்க. கிருமி இருக்கான்னு ஒண்ணு, அது விஷம் கக்குதான்னு ஒண்ணு. இதுல கிருமி இருக்கு, விஷம் இல்ல. சில பேர் குடல்ல அது சும்மாவே தங்கியிருக்கும், ஒண்ணும் செய்யாது. கிருத்திகை முடிஞ்சதும் வாங்க, இன்னொரு டெஸ்ட் எடுப்போம். தண்ணி நிறைய குடிக்கட்டும். அதுவரைக்கும் வேற மாத்திரை எதுவும் வாங்கித் தராதீங்க."

விஷம் இல்லை. அந்த ஒரு சொல் போதும் எங்களுக்கு. கலா கற்பூரம் ஏற்றினாள்.

ஆனால் போவது நிற்கவில்லை. மறுநாள் கிருத்திகை. கலா மஞ்சள் சேலை கட்டிப் பால்குடம் தூக்க வேண்டும். தூக்குவதற்கு முன் அவள் என் சேலையை அலசினால் எப்படி? அலசாமல் என்னை அப்படியே விட்டுவிட்டுப் போகச் சொன்னாலும் போக மாட்டாள். தெருப் பெண்கள் விடியற்காலை வந்து ஃபிரிட்ஜைத் திறக்கும்போது வீடு நாறக் கூடாது. நான் முனியைக் கூப்பிட்டேன்.

"நைனா, மெடிக்கல்ல போயி நிறுத்தற மாத்திர வாங்கியா."

"டாக்டர் வேணாம்னாரே."

"டாக்டரா வந்து கழுவப் போறாரு? வாங்கியாடா."

வாங்கி வந்தான். போட்டேன். நின்றது. ஒரேயடியாக நின்றுவிட்டது. காலையில் கலா என் கன்னத்தைத் தொட்டுச் சிரித்தாள். பறைமேளம் தெருமுனையில் கேட்டது. அவள் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மற்றவர்களோடு போனாள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர்கள் தார் ரோட்டில் மறைகிற வரைக்கும் பார்த்தேன். மனசு நிறைந்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

வெயில் ஏற ஏற, பாவாடை நாடா இறுக்கியது. தளர்த்தினேன். மறுபடி இறுக்கியது. வயிற்றைத் தட்டிப் பார்த்தேன். பூசணிக்காயைத் தட்டினால் கேட்குமே, அந்தச் சத்தம். அதற்கு முன்னால் அத்தனை நாளும் கடகடவென்று உருண்டுகொண்டிருந்த வயிறு அது. இப்போது உள்ளே ஒன்றும் அசையவில்லை. வலி கூட அதிகம் இல்லை. குளிர் மட்டும் எடுத்தது, ஆடி வெயிலில்.

கலா விபூதியும் மிச்சப் பாலுமாகத் திரும்பி வந்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. அவள் என் வயிற்றைப் பார்த்தாள். பால் சொம்பைக் கீழே வைத்தாள்.

"பாவா," என்று வாசலைப் பார்த்துக் கத்தினாள். "வண்டிய எடு. மொதல்ல வண்டிய எடு."

போனது ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே ஒரு டாக்டரம்மா என் வயிற்றில் குழாயை வைத்துக் காதில் மாட்டிக் கேட்டார். ஒரு இடத்தில் கேட்டார், இன்னொரு இடத்தில் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். எனக்கு அவர் முகம்தான் தெரிந்தது. அந்த முகத்தில் ஒன்றும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"நிக்கறதுக்கு ஏதாவது மாத்திரை போட்டீங்களாம்மா?"

"போட்டேன்."

"அது போறத நிறுத்தாதும்மா. கதவ மூடும், அவ்வளவுதான். விஷம் உள்ளயே தங்கிடும்."

எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் வைத்தபோது நானும் பார்த்தேன். பெருங்குடல் சைக்கிள் டியூபுக்குக் காற்றடித்த மாதிரி இருந்தது. அப்புறம் ஆபரேஷன் டாக்டர் வந்தார். வயிற்றை அழுத்திவிட்டு, என்னிடம் இல்லாமல் முனியிடம் பேசினார்.

"நாளைக்குள்ள வடியலன்னா கிழிஞ்சிடும். அதுக்கு முன்னாடி பெருங்குடல எடுத்துடணும். எடுத்துட்டா வயித்துல ஓட்ட போட்டு வெளிய ஒரு பை மாட்டுவோம். மலம் அதுல வரும்."

"எத்தினி நாளைக்கி சார்?" என்றான் முனி.

"இந்த வயசுல, அநேகமா எப்பவுமே."

என் காது நன்றாகக் கேட்கும். வயிற்றில் பையைக் கட்டிக்கொண்டு சேற்றில் குனிந்து நடுவதை நினைத்துப் பார்த்தேன். முடியாது. அந்தப் பையை என் முன்னால் அவிழ்த்துக் கழுவப் போகிறவள் யார் என்றும் தெரியும். செத்துப் போவதைவிட அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

டாக்டரம்மா முனியின் போனில் அந்தப் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்தார். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"இது எப்ப எடுத்தீங்க? எடுத்ததும் எங்க வெச்சிருந்தீங்க?"

முனி கலாவைப் பார்த்தான். கலா சுவரில் சாய்ந்து நின்றாள். கையில் இன்னும் காப்பு இருந்தது.

"மணல் சட்டியில, மேடம். மரத்தடியில. ஃபிரிட்ஜுல சாமிக்குப் பால் இருந்திச்சி."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கிருமி வெயிலுக்குச் சாவாதும்மா. ஆனா அது கக்கற விஷம் இருக்கே, அது சூட்டுல கொஞ்ச நேரத்துலயே செதஞ்சிடும். குளிர்ல வெச்சாத்தான் நிக்கும். உங்க டப்பாவுல விஷம் இருந்திருக்கலாம். லேபுக்குப் போறதுக்குள்ள இல்லாம போயிருக்கலாம். அதான் கிருமி இருக்கு, விஷம் இல்லன்னு வந்திருக்கு."

கலா அழவில்லை. கையிலிருந்த காப்பைத் திருகிக்கொண்டே இருந்தாள், மணிக்கட்டு சிவக்கிற வரைக்கும்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கினார். ஊசி பாட்டிலை உடைத்துத் தண்ணீரில் கலக்கி, மூக்கு வழியாகப் போட்ட குழாயில் ஊற்றினார்கள். ஊசி மருந்தைக் குடிக்க வைக்கிறார்களே என்று முனி கேட்டான். இந்த மருந்தை நரம்பில் ஏற்றினால் குடலுக்குள் போய்ச் சேராது, சாப்பாடு போகிற வழியாகவே போய் நேராகக் குடலைத் தொட வேண்டும் என்றார் நர்ஸ். அதையே கீழ் வழியாகவும் செலுத்தினார்கள். வேறொரு மருந்து நரம்பில் ஏறியது. கால் புண் மருந்தை அடியோடு நிறுத்திவிட்டார்கள்.

ஆனாலும் ஆபரேஷன் டாக்டருக்குச் சந்தேகம் தீரவில்லை. குடல் அடைத்துக்கொண்டாலும் இப்படி வீங்கும், அப்படியானால் மருந்து கேட்காது, காத்திருப்பது ஆபத்து என்றார். இந்தக் கிருமிதான் என்று உறுதியானால் இன்னும் ஒரு நாள் பொறுக்கலாம் என்றார் டாக்டரம்மா. இரண்டு பேரும் என் கட்டில் காலருகே நின்று பேசினார்கள். எல்லாம் மறுபடி ஒரு டப்பாவுக்கு வந்து நின்றது. வயிறோ கதவை மூடிக்கொண்டு கிடந்தது.

என்னைத் தனி அறையில் போட்டார்கள். உள்ளே வருகிறவர்கள் கையுறையும் மேலங்கியும் மாட்டிக்கொண்டு வந்தார்கள். கட்டில் தலைமாட்டில் இருக்கிற கைக்கு அடிக்கிற ஸ்பிரிட்டைக் கலா தேய்த்துக்கொண்டபோது நர்ஸ் தடுத்தார்.

"இதுக்கு அது போதாதும்மா. விதை மாதிரி ஓட்டுக்குள்ள இருக்கும், ஸ்பிரிட்டுல சாவாது. சோப்பு போட்டு, கொழாய் தண்ணியில நல்லா தேய்ச்சிக் கழுவணும். ஒவ்வொரு தடவயும்."

கலா கையைப் பார்த்தாள். வீட்டில் என் துணியை அலசிவிட்டு அத்தனை நாளும் அவள் எப்படிக் கழுவினாள் என்பதை அவளும் யோசித்தாள், நானும் யோசித்தேன். அவள் குழாயடிக்குப் போனாள்.

மறுநாள் காலையில் என் ஆட்கள் வந்தார்கள். குப்பு தலைமையில் நாலைந்து பெண்கள், கண்டிகையிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறார்கள். உள்ளே விடவில்லை. அதற்காகத் திரும்பிப் போகிறவர்களா? ஜன்னலுக்குக் கீழே, சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்றுகொண்டு குப்பு வயலில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள்.

"ஏ மேஸ்திரி! வவுறு எப்பிடி கீது?"

ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்திருக்கும்.

"போச்சா இல்லியா?"

"ஏய், வாய மூடுடி!" என்று கலா ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"இன்னாடி வாய மூடறது? போவட்டும்னு அம்மனுக்குக் கூழு ஊத்தறோம்னு வேண்டிகினு வந்துக்கீறோம்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் வயிறு கிழிகிற மாதிரி வலித்தது. அதுவரைக்கும் அதிகம் வலிக்காமல் கிடந்த வயிறு அது. வலித்ததும் பயந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஏதோ வந்தது. சுண்டைக்காய் அளவுக்கு. கலா அதை டப்பாவில் போட்டு லேபுக்கு ஓடினாள். லேப் கீழே, மாடிப்படிக்குப் பக்கத்தில். அவள் குரல் மேலே வரைக்கும் கேட்டது.

"இத டெஸ்ட் பண்ண மாட்டோம்மா," என்று உள்ளே இருந்தவர் சொல்லியிருக்கிறார்.

"ஏன், எங்க அத்தம்மாளுதுன்னா அவ்ளோ எளக்காரமா? காசு கட்டிக்கீறோம் இல்ல?"

"டப்பாவச் சாச்சிப் பாருங்க. ஓடுதா? ஓடணும். டப்பா உருவத்துக்கு அது வரணும். கெட்டியா இருக்கறதுல பாத்தா, சும்மா தங்கியிருக்கற கிருமியக் காட்டி நோயின்னு ஏமாத்திடும். தப்பான வைத்தியம் நடக்கும். தண்ணியா வந்தா கொண்டாங்க, எந்த நேரமானாலும் வாங்கிக்கறேன்."

கலா டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்க ஒரு நர்ஸ் முனியிடம் பேசிக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் என்று முடிவாகியிருந்தது. என் கட்டிலைச் சுற்றி எல்லாரும் வேகமாக நடந்தார்கள். என்னிடம் மட்டும் மெதுவாகப் பேசினார்கள்.

மதியம் தாண்டி, வயிற்றுக்குள் ஒரு சத்தம் கேட்டது. மண் குழாயில் தண்ணீர் திறந்துவிட்டால் முதலில் காற்று வருமே, அப்படி. "கலா," என்றேன். அவள் பாத்திரத்தைக் கொண்டு வருவதற்குள் கட்டிலிலேயே ஆகிவிட்டது. அந்த நாற்றம், வீட்டில் இருந்த அதே நாற்றம். என் வாழ்நாளில் அப்படிக் கிடந்து சந்தோஷப்பட்டதில்லை. இந்த முறை நான் சுவரைப் பார்க்கவில்லை.

"எடு," என்றேன். "நல்லா எடு."

கலா டப்பாவில் எடுத்தாள். சோப்புப் போட்டுக் கை கழுவினாள். என் கஞ்சிக்காக வைத்திருந்த பிளாஸ்கைத் திறந்து கஞ்சியைக் கொட்டினாள். வாசலில் இருந்த ஜூஸ் கடைக்கு ஓடி ஐஸ் வாங்கி, பிளாஸ்கில் போட்டு, நடுவில் டப்பாவைச் சொருகி எடுத்துக்கொண்டு போனாள். லேப் ஒரே மாடி கீழேதான். ஐஸ் இல்லாமலே போயிருக்கலாம். ஆனாலும் அவள் ஐஸ் போட்டாள்.

முனி கையெழுத்துப் போட்ட ஆபரேஷன் தாள் கட்டிலின் மேலேயே கிடந்தது. அதற்குள் டாக்டரம்மா வந்தார்.

"ரெண்டும் வந்திருக்கு," என்றார். கிருமியும் இருக்கிறது, விஷமும் இருக்கிறது. நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு அதைச் சொன்னார். விஷம் இருக்கிறது என்பதை நல்ல செய்தியாகக் கேட்ட குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும். ஆபரேஷன் டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்தார், வயிற்றைத் தொட்டார், நாளை காலை வரை பொறுப்போம் என்றார். காலையில் வயிறு கொஞ்சம் இளகியிருந்தது. அதற்கு அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். பை வேண்டாம் என்று அப்புறம்தான் சொன்னார்கள்.

செலவைப் பற்றி முனி என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வீடு வந்து சேர்ந்தபோது வாசலில் ஆட்டோ இல்லை. இப்போது இன்னொருவர் வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறான். அதிலேயே தெரிந்துகொண்டேன்.

அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னவற்றை இதைப் படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். இனி எந்த டாக்டரிடம் போனாலும் இந்த நோய் வந்ததை முதலில் சொல்ல வேண்டும். காலி அட்டையைக் காட்டி மருந்து வாங்கக் கூடாது. மாத்திரை சாப்பிடும்போது வயிறு போனால், அதை நிறுத்தும் மாத்திரையை நாமாக வாங்கிப் போடக் கூடாது. கழிப்பிடத்தைப் பிளீச்சிங் கரைத்துக் கழுவ வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும்போது மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டாம், குணமான பிறகும் கிருமி கொஞ்ச காலம் காட்டும், அதைப் பார்த்துப் பயந்து மருந்து சாப்பிட்டால் அதுவே கெடுதல்.

"அப்ப அது போயிட்ச்சின்னு எப்பிடி தெரியும்?" என்று கேட்டேன்.

"போகலன்னா அது தெரியும்மா," என்றார்.

இந்த விதைகள் பல மாதம் சாகாமல் கிடக்குமாம். தரையில், வாளியில், கதவுப் பிடியில். ஒன்றும் செய்யாமல் கிடக்கும். யாராவது ஒருவர் குடலில் நல்ல கிருமிகள் செத்துப் போகிற வரைக்கும் கிடக்கும். கலா வீடு முழுக்கப் பிளீச்சிங் போட்டுத் தேய்த்தாள். நானும் தேய்த்தேன். ஆனால் கோரை இருந்த நிலத்தை நான் அறிவேன். மேலே சுத்தமாகத்தான் இருக்கும்.

தை பிறந்தது. நடவுக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். தைக் கிருத்திகைக்கு நானே பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். காப்புக் கட்டிக்கொண்டேன். தெருப் பால் மறுபடி எங்கள் ஃபிரிட்ஜுக்கு வந்தது.

அதற்கு முந்தின வாரம் கலாவுக்குக் கடைவாய்ப் பல் வீங்கியது. கன்னம் பெருத்து, வாய் திறக்க முடியவில்லை. பல் டாக்டர் கேப்சூல் கொடுத்தார். என் கதையைச் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னேன், பல்லில் சீழ், இது இல்லாமல் முடியாது என்றாராம். அட்டையை வாங்கிப் பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஆங்கிலம், ஒன்றும் ஓடவில்லை. கேப்சூலின் நிறம் மட்டும் தெரிந்தது.

கிருத்திகைக்கு முந்தின நாள் காலை. நான் அடுப்பங்கரையில் இருந்தேன். கலா பின்பக்கம் போனாள், வந்தாள். குழாய்ச் சத்தம் கேட்டது. மறுபடி போனாள். நான் அடுப்பை அணைத்தேன். மூன்றாவது தரம் அவள் போகும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனாள்.

அலமாரி மேல்தட்டில், துணிக்குப் பின்னால், ஒரு புது டப்பா வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது கேட்டு வாங்கி வந்தது. யாருக்கும் சொல்லவில்லை. அதை எடுத்துக் கதவிடுக்கில் அவளிடம் நீட்டினேன்.

"இதுல எடு."

"சூடா இருக்கும் அத்தம்மா. வெந்தயம் போட்டா..."

"எடுன்னேன்."

ஃபிரிட்ஜைத் திறந்தேன். மஞ்சள் துணி சுற்றிய சொம்புகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தரையில் வைத்தேன். பாக்கெட்டுகளை எடுத்து வைத்தேன். எலுமிச்சம்பழத்தையும். கலா டப்பாவோடு வந்து நின்றாள். தரையைப் பார்த்தாள், என் கையில் இருந்த காப்பைப் பார்த்தாள்.

"அத்தம்மா, பாலு... தெரு ஜனங்க பாலு. கெட்டுப் போவும்."

"கெட்டா கெடட்டும். இது கெடக் கூடாது."

டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கி நடுத்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினேன். கதவுப் பிடியைப் பிளீச்சிங் போட்டுத் துடைத்தேன். இரண்டு பேரும் சோப்புப் போட்டுக் கழுவினோம். முனிக்கு போன் போட்டேன். ஐஸ் வாங்கிக்கொண்டு வண்டியோடு வா, சவாரியைப் பாதியில் இறக்கிவிட்டாவது வா என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

திருத்தணி லேபுக்கு நானே எடுத்துப் போனேன். மடியில் பிளாஸ்க். பக்கத்தில் கலா கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்திருந்தாள். ரோட்டில் காவடிகள் போய்க்கொண்டிருந்தன. ஜன்னலில் ஆடியில் டப்பா கொடுத்த அதே பெண்தான் இருந்தாள். பிளாஸ்கைத் திறந்து டப்பாவை எடுத்தாள். தொட்டதும், "ஐஸாவே கொண்டாந்துட்டீங்களே," என்றாள். மூடியைத் திறக்காமல், வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிச் சாய்த்துப் பார்த்தாள்.

சாய்த்த பக்கமெல்லாம் ஓடியது.